பல் பொருந்தும் சக்கரம் எங்கே?

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு எஞ்சின் வேலைக்கு ஆள் கிடைத்துவிடுகிறது. சரியான கம்பிச் சக்கரம் ஐந்து சேர்ப்பதற்குள் உரிமையாளருக்குத் தலை நரைத்துவிடுகிறது. பாதி பேர் தேடலைத் தவறான இடத்தில் தொடங்குவதே காரணம்.

இந்தியாவில் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் ஒரு விதத்தில் அதிர்ஷ்டசாலிகள். 1955-ல் வெளிவந்த எம்ஜிஏ காரின் எஞ்சினும், இந்தியச் சாலைகளைப் பல ஆண்டுகள் ஆண்ட அம்பாசடரின் எஞ்சினும் ஒரே குடும்பம். இரண்டுமே பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 1489 சிசி 'பி-சீரிஸ்'. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. ஆனாலும் அந்த எஞ்சினின் நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகள் இன்னும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் உரிமையாளருக்கும் இதேபோல ஒரு சொந்தம் உண்டு. 1962-ல் வந்த அந்தக் குட்டிக் கார், ஹெரால்டின் அடிச்சட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. ஹெரால்டை 1961 முதல் சென்னையில் தயாரித்தது ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம்.

ஆனால் இந்தச் சொந்தபந்தம் சக்கரத்தோடு அறுந்துவிடுகிறது. அம்பாசடரும் ஹெரால்டும் ஓடியது எஃகுத் தகட்டுச் சக்கரங்களில். நட்டுகளைக் கழற்றினால் சக்கரம் கையோடு வந்துவிடும். ஸ்போர்ட்ஸ் கார்களில் பலவற்றுக்கு இருந்ததோ கம்பிச் சக்கரம். நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. அந்தச் சக்கரத்தை இந்தியாவின் எந்தக் கார் தொழிற்சாலையும் வழக்கமான கார்களுக்குப் பொருத்தி விற்கவில்லை. எனவே உள்ளூர்ச் சந்தையில் அதற்கு 'அண்ணன் தம்பி' பாகம் கிடையாது. எம்ஜி என்ற பெயர்ப்பலகையோடு குஜராத்தின் ஹாலோலில் இன்று கார்கள் தயாராகின்றன. ஆனால் அந்த ஷோரூமில் போய் 1947-ம் ஆண்டு டிசி மாடலுக்குச் சக்கரம் கேட்டால் காபி கொடுத்து அனுப்பிவைப்பார்கள்.

காரின் அழகுப் பிரச்சினை மட்டும் என்றால் இதை ரசிகர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். அப்படி ஒதுக்க முடியாது. எஞ்சின் கெட்டால் கார் நிற்கும். சக்கரம் தவறினால் கார் நிற்காது, சக்கரம் மட்டும் தனியே ஓடும்.

ஒரே நட்டின் சூட்சுமம்

கார்கள் தோன்றிய புதிதில் சக்கரத்தைக் கழற்றி மாட்டும் பழக்கமே இல்லை. பஞ்சர் ஆனால் சக்கரம் காரிலேயே இருக்க, டயரை மட்டும் வழியில் உட்கார்ந்து நெம்பி எடுக்க வேண்டும். இந்தத் தொல்லைக்கு 20-ம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே முடிவு கட்டியது கவென்ட்ரி நகரின் ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனம். சைக்கிள் தயாரிப்பில் பெயர் பெற்றிருந்த அந்த நிறுவனம், சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளையே காருக்கு ஏற்றபடி பலப்படுத்தி, நொடியில் கழற்றக்கூடிய சக்கரமாக மாற்றியது. பின்னாளில் எம்ஜி, ஜாகுவார், ஆஸ்டின் ஹீலி கார்களுக்குக் கம்பிச் சக்கரம் கொடுத்தது டன்லப். இந்தியாவில் டன்லப் என்றால் டயர். இந்தக் கார்க்காரர்களுக்கு டன்லப் என்றால் சக்கரமும்தான்.

சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப் ஒரு குழாய் போன்றது. அதன் உட்புறம் முழுவதும் நீளவாக்கில் பல்வரிசை. கார் அச்சின் முனையில் உள்ள ஹப்பின் வெளிப்புறத்திலும் அதே பல்வரிசை. ஒன்றின் மேல் ஒன்று சரிந்து பல்லோடு பல் கோத்துக்கொள்ளும். எஞ்சினின் முழு இழுவையும் பிரேக்கின் முழு பலமும் இந்தப் பற்கள் வழியாகவே சக்கரத்துக்குப் போகின்றன. நடுவில் உள்ள 'ஸ்பின்னர்' எனப்படும் பெரிய நட்டின் வேலை, சக்கரத்தை உள்நோக்கி அழுத்திப் பிடிப்பது மட்டுமே. அதை இறுக்க ஸ்பேனர் வேண்டாம். இரண்டு காதுகள் இருக்கும். செம்புத் தலைச் சுத்தியலால் தட்டினால் போதும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. காரின் இடது பக்க நட்டுக்கு வழக்கமான வலஞ்சுழி மரை. வலது பக்க நட்டுக்கு அதற்கு நேர் எதிரான மரை. கார் முன்னே போகும்போது சக்கரம் எந்தத் திசையில் உருளுமோ, அதே திசையில் தட்டினால்தான் நட்டு கழலும். சக்கரம் உருள உருள நட்டு மிக நுண்ணிய அளவில் எதிர்த்திசையில் நகரப் பார்க்கும். எதிர்த்திசை என்பது இறுகும் திசை. ஓட ஓட இறுகும் ஏற்பாடு இது. சர்வீஸுக்கு அச்சைப் பிரித்த மெக்கானிக் இடது ஹப்பை வலப்பக்கமும் வலது ஹப்பை இடப்பக்கமும் மாட்டிவிட்டால் ஏற்பாடு தலைகீழாகிவிடும். ஓட ஓடக் கழலும். எனவே பழைய சக்கரம் கழன்றுபோன காருக்குப் புதுச் சக்கரம் தேடும் முன், ஹப்புகள் சரியான பக்கத்தில்தான் இருக்கின்றனவா என்று பார்ப்பது முதல் வேலை.

அழகு வேறு, பொருத்தம் வேறு

'கம்பிச் சக்கரம்' என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். கடைக்காரர் கேட்கும் கேள்விகள் வேறு. எத்தனை அங்குலம்? எத்தனை கம்பி? பல்வரிசையின் அளவு என்ன? மரை எத்தனை?

1945 முதல் 1949 வரை சுமார் 10,000 தயாரான எம்ஜி டிசி காருக்கு 19 அங்குல உயரமும் இரண்டரை அங்குல அகலமும் கொண்ட சக்கரம். கம்பிகள் 48. 1962-ல் வந்த எம்ஜிபி காருக்கு 14 அங்குலம், 60 கம்பிகள். 1948-ல் அறிமுகமான ஜாகுவார் எக்ஸ்கே 120 காருக்கு 16 அங்குலம், 54 கம்பிகள். 1961-ல் ஜெனீவா கண்காட்சியில் உலகையே வாய் பிளக்க வைத்த ஜாகுவார் இ-டைப்புக்கு 15 அங்குலம், 72 கம்பிகள். கம்பி எண்ணிக்கை கூடியது அலங்காரத்துக்காக அல்ல. எஞ்சினின் சக்தி கூடியது, டயர்களின் பிடிப்பு கூடியது, வளைவுகளில் கம்பிகள் மீது விழும் பக்கவாட்டுச் சுமையும் கூடியது. குறைந்த கம்பிகள் அந்தச் சுமையைத் தாங்காமல் அறுந்தன.

பல்வரிசையிலும் வித்தியாசம். எம்ஜி கார்களில் பெரும்பாலும் 42 மில்லிமீட்டர் என்று சொல்லப்படும் அளவு. ஜாகுவாருக்கு 52. ஒன்று மற்றொன்றில் ஏறாது என்பதால் இங்கே ஏமாற வழியில்லை. ஆபத்து மரையில் இருக்கிறது. எம்ஜிபியின் ஆரம்பகாலக் கார்களில் அங்குலத்துக்கு 12 மரை. பிற்காலக் கார்களில் 8 மரை. வெளியிலிருந்து பார்த்தால் நட்டு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு பெட்டி நிறைய நட்டு கிடைத்ததே என்று வாங்கி வந்து, பாதி சுற்றில் சிக்கிக்கொண்டதைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் ஹப்பும் போச்சு, நட்டும் போச்சு.

கம்பிச் சக்கரமே தவறாகிவிடும் கார்களும் உண்டு. டிசிக்கு அடுத்து 1949-ல் வந்த எம்ஜி டிடி காரை நிறுவனம் எஃகுத் தகட்டுச் சக்கரத்தோடுதான் விற்றது. கம்பிச் சக்கரம் விருப்பத் தேர்வாகக்கூட இல்லை. அன்றைய எம்ஜி ரசிகர்கள் இதற்காகவே அந்தக் காரைத் திட்டித் தீர்த்தார்கள். 1953-ல் வந்த டிஎஃப் காரில்தான் கம்பிச் சக்கரம் விருப்பத் தேர்வாகத் திரும்பி வந்தது. பிற்காலத்தில் டிடி வாங்கியவர்கள் பலர், அழகுக்காகக் கம்பிச் சக்கரத்தை மாட்டிக்கொண்டார்கள். இன்று அந்தக் காரை வாங்குபவர், "சக்கரம் தேய்ந்துவிட்டது, இதேபோல வேண்டும்" என்று தேடி அலைந்தால், தேடுவது அந்தக் காருக்கு எப்போதும் இருந்திராத ஒன்றை.

ஜாகுவார் எக்ஸ்கே 120-லும் இப்படி ஒரு பொறி. அந்தக் காரில் பின் சக்கரங்களைப் பாதி மறைக்கும் தகட்டு மூடிகள் உண்டு. அவை தகட்டுச் சக்கரம் மாட்டிய கார்களுக்கு உரியவை. கம்பிச் சக்கரத்தின் நட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால் மூடியைப் பொருத்த முடியாது. இரண்டும் வேண்டும் என்று ஆசைப்படுபவர் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைப்படுபவர்.

நட்டின் காதுகளுக்கும் வரலாறு உண்டு. துருத்தி நிற்கும் காதுகள் பாதசாரிகளுக்கு ஆபத்து என்று அமெரிக்க அரசு 1968 ஜனவரி 1 முதல் அவற்றைத் தடை செய்தது. அதன் பின் அந்த நாட்டுக்குச் சென்ற எம்ஜிபி கார்களில் எண்கோண நட்டு வந்தது. ஜாகுவார் கார்களிலும் காதுகள் மறைந்தன. இ-டைப் சக்கரத்தின் ஹப் வடிவமும் 60-களின் பிற்பகுதியில் மாறியது. ஆரம்பகால இ-டைப்புகளுக்கு வெள்ளி நிறப் பெயின்ட் அடித்த சக்கரமே வழக்கம். பளபளக்கும் குரோமியப் பூச்சுக்குக் கூடுதல் பணம். இன்று கண்காட்சிகளில் கண்ணைப் பறிக்கும் குரோமியச் சக்கரங்களில் எத்தனை அந்தக் காரோடு பிறந்தவை என்பது வேறு கதை.

எனவே சந்தைக்குப் போகும் முன் காகிதத்தைத் தேடச் சொல்கிறார்கள் அனுபவசாலிகள். பிரிட்டனின் கேடன் கிராமத்தில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், எம்ஜிபி போன்ற கார்களின் தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து சான்றிதழ் தருகிறது. கார் என்று தயாரானது, என்ன நிறம், எந்த நாட்டுக்குப் போனது, எந்தக் கூடுதல் பாகங்களோடு வெளியே வந்தது என்பது அதில் இருக்கும். ஜாகுவாருக்கும் அதன் பாரம்பரிய அறக்கட்டளை இதேபோன்ற சான்றிதழ் கொடுக்கிறது. காருக்கு என்ன சக்கரம் இருந்தது என்று தெரிந்த பிறகு தேடுவது ஒரு வேலை. தெரியாமல் தேடுவது பல வேலை.

பழைய இரும்பின் நடுவே

தில்லிக்கு மாயாபுரி, கொல்கத்தாவுக்கு மல்லிக் பஜார், மும்பைக்கு சோர் பஜார், சென்னைக்குப் புதுப்பேட்டை. பழைய வண்டிகளின் உறுப்புகள் மறுபிறவி எடுக்கும் இடங்கள் இவை. இறக்குமதிக்கு உரிமம் தேவைப்பட்ட 1991-க்கு முந்தைய ஆண்டுகளில், வெளிநாட்டுக் கார்க்காரர்களுக்கு இவையே கதி. இப்போதும் அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கம்பிச் சக்கரம் கண்ணில் படும். ஒன்று. அரிதாக இரண்டு. தேவைப்படுவதோ ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து. ஐந்தையும் ஐந்து இடத்தில் வாங்கினால் ஐந்தும் ஐந்து விதமாகத் தேய்ந்திருக்கும்.

கண்ணில் பட்ட சக்கரத்தை எப்படிச் சோதிப்பது? முதலில் காது. ஒரு சின்ன ஸ்பேனரால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினால், இறுக்கமாக உள்ள கம்பி வீணைத் தந்திபோலக் கணீர் என்று ஒலிக்கும். தளர்ந்த கம்பி 'டொக்' என்று சொல்லும். அடுத்து விரல். ரிம்மின் உட்புறம் தடவினால் துரு அரித்த பள்ளமும், விரிசலை மூடி வைத்த வெல்டிங் மேடும் தட்டுப்படும். கடைசியாகக் கண். ஹப்பின் உள்ளே டார்ச் அடித்துப் பல்வரிசையைப் பார்க்க வேண்டும். நல்ல பல்லின் உச்சி தட்டையாக இருக்கும். தேய்ந்த பல், ரம்பத்தின் பல்போலக் கூராகியிருக்கும். கம்பியை மாற்றலாம், ரிம்மையும் மாற்றலாம். பல் கூரான சக்கரம், வரவேற்பறைச் சுவரில் மாட்டத்தான் லாயக்கு.

கம்பி மாற்றுவதற்கு ஆள் இருக்கிறதா? இந்தியாவில் சைக்கிள் கடைகள் எத்தனை ஆயிரம், புல்லட் மெக்கானிக்குகள் எத்தனை ஆயிரம். கம்பி கோத்துக் கோட்டம் எடுக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமே இல்லை. ராயல் என்ஃபீல்டு புல்லட் 350-ன் பழைய மாடல்களில் 19 அங்குலச் சக்கரம். எம்ஜி டிசிக்கும் 19 அங்குலம். அப்படியானால் வேலை சுலபம் என்று தோன்றும்.

தோன்றுவது தவறு. மோட்டார் சைக்கிள் வளைவில் திரும்பும்போது வண்டியே சாய்ந்துவிடுகிறது. சக்கரத்தின் மீது பக்கவாட்டு விசை அதிகம் விழுவதில்லை. கார் சாய்வதில்லை. வளைவில் அதன் முழு எடையும் சக்கரத்தைப் பக்கவாட்டில் மடக்கப் பார்க்கும். அதனால்தான் கார்ச் சக்கரத்தின் ஹப் நீளமாக இருக்கிறது. அதன் வெளி முனையிலிருந்து ஒரு வரிசை, உள் முனையிலிருந்து இன்னொரு வரிசை என்று நீளம் மாறுபட்ட கம்பிகள் வெவ்வேறு கோணத்தில் ரிம்முக்குப் போகின்றன. ரிம் மேலும் கீழும் ஆடாமல், பக்கவாட்டிலும் ஆடாமல், ஹப்பிலிருந்து சரியான தூரத்தில் உள்ளே தள்ளியோ வெளியே தள்ளியோ நிற்க வேண்டும். இந்தக் கடைசி அளவுதான் பலரை ஏமாற்றுகிறது. பழைய கம்பிகளை முதலில் வெட்டி எறிந்துவிட்டு, பிறகு அளவு தேடினால் கிடைக்காது. சக்கரம் முழுதாக இருக்கும்போதே ரிம்மின் குறுக்கே ஒரு சட்டத்தை வைத்து ஹப்பின் உள்முகம் வரை அளந்து எழுதிக்கொள்வது கெட்டிக்காரர்களின் வழக்கம். அளவு தவறினால் டயர் மட்கார்டில் உரசும். அல்லது கம்பி பிரேக்கில் உரசும்.

வேலை தெரிந்த புல்லட் மெக்கானிக்கிடம் இந்த அளவுகளைக் கொடுத்து, டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொன்னால் நல்ல வேலை கிடைக்க வாய்ப்பு உண்டு. அவருடைய கைக்கு வேலை தெரியும். இந்தச் சக்கரத்தின் கணக்கைத்தான் உரிமையாளர் சொல்ல வேண்டும்.

தேடல் தொடங்கும் இடம்

அலைந்து திரிந்தோ, வெளிநாட்டிலிருந்து தருவித்தோ, ஐந்து புத்தம் புதுச் சக்கரங்கள் வந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம். மாட்டியதும் கார் பழைய படத்தில் இருப்பதுபோல ஜொலிக்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் அதே 'டக் டக்' சத்தம். புதுச் சக்கரத்தின் பற்கள் கூராகிவிட்டன. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று கோபம் வருகிறது.

பெரும்பாலும் குற்றவாளி காரிலேயே இருக்கிறது. சக்கரத்தின் பல்லும் அச்சு ஹப்பின் பல்லும் சேர்ந்தே தேய்பவை. 50 ஆண்டுகள் ஒன்றோடொன்று உரசிய ஜோடியில் ஒன்றை மட்டும் மாற்றினால், தேய்ந்த பழைய பல் புதுப் பல்லையும் தன் வடிவத்துக்குத் தேய்த்துவிடும். புது ஹப்பில் பழைய சக்கரத்தை மாட்டினாலும் இதே கதைதான். இடைவெளி இருந்தால் ஆட்டம் இருக்கும். ஆட்டம் இருந்தால் ஒவ்வொரு முறை பிரேக் அடிக்கும்போதும், கிளட்ச் விடும்போதும் பல்லோடு பல் மோதும். கடைசியில் பற்கள் மொத்தமாக வழித்துக்கொண்டு போனால், எஞ்சின் உறுமும், சக்கரம் சுற்றாது. அதைவிட மோசம், பிரேக் பிடிக்கும் ஆனால் சக்கரம் நிற்காது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. காரை ஜாக்கியில் தூக்கி, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஹப் அசையாமல் சக்கரம் மட்டும் அசைந்தால் பல் தேய்ந்துவிட்டது. முன் கியரிலிருந்து ரிவர்ஸ் கியருக்கு மாறும்போது பின் சக்கரத்திலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டாலும் சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே சரியான சக்கரத்துக்கான தேடல் தொடங்க வேண்டிய இடம் புதுப்பேட்டையோ லண்டனோ இல்லை. சொந்தக் காரின் அச்சு முனை. சக்கரம் ஐந்து வாங்கப் பணம் ஒதுக்குபவர் ஹப் நான்குக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடும். உள்ளூர் லேத் பட்டறையில் தேய்ந்த பல்லின் மீது வெல்டிங் வைத்து, அரத்தால் ராவிச் சரி செய்துகொள்ளலாமே என்ற யோசனை எழும். பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் வெல்டிங் சூடு எஃகின் தன்மையையே மாற்றிவிடும். கையால் ராவிய பற்களில் இரண்டு மூன்று மட்டும் முழுச் சுமையைத் தாங்கும். மற்றவை வேடிக்கை பார்க்கும்.

தகட்டுச் சக்கரக் காரைக் கம்பிச் சக்கரத்துக்கு மாற்றுபவர்களுக்கும் அச்சுதான் பாடம் சொல்கிறது. எம்ஜிபியில் கம்பிச் சக்கரத்துக்கான பின் அச்சு, தகட்டுச் சக்கரத்துக்கான அச்சைவிடக் குட்டை. கம்பிச் சக்கர ஹப் தடிமனாக இருப்பதால் அந்த ஏற்பாடு. நீளமான அச்சின் மீதே இடைத்தகடு வைத்துக் கம்பிச் சக்கரத்தைப் பொருத்தினால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். மேட்டில் ஏறி இறங்கும்போது மட்கார்டின் விளிம்பு டயரைச் சீவும்.

கடல் கடந்து வரும் பெட்டி

நல்ல செய்தி, இந்தச் சக்கரங்களின் தயாரிப்பு உலகில் நின்றுவிடவில்லை. பிரிட்டனில் எம்டபிள்யூஎஸ், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டேட்டன், இத்தாலியில் 1922-ல் தொடங்கிய பொர்ரானி என்று கம்பிச் சக்கரத்துக்கே பெயர் பெற்ற நிறுவனங்கள் உள்ளன. எம்ஜிபி 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரானதால் அதற்கான சக்கரமும் ஹப்பும் கேட்டால் கிடைக்கும். எண்ணிக்கையில் குறைந்த கார்களுக்குக் காத்திருக்க வேண்டும்.

ஆர்டர் கொடுக்கும்போது மாடல் பெயர் மட்டும் போதாது. அடிச்சட்ட எண், பல்வரிசை அளவு, மரை எண்ணிக்கை, முன் பிரேக் டிரம்மா டிஸ்க்கா என்பது வரை சொல்ல வேண்டும். டிரம் பிரேக் காருக்கான சக்கரம் டிஸ்க் பிரேக்கின் கேலிப்பரில் இடிக்கலாம். விமானச் சரக்குக் கட்டணம், சுங்க வரி எல்லாம் சேர்ந்து சக்கரத்தின் விலையை எட்டிப்பிடிக்கப் பார்க்கும் நிலையில், தவறாக வந்த பெட்டியைத் திருப்பி அனுப்புவது யானையைக் குளிப்பாட்டி மீண்டும் சேற்றில் விடுவதுபோல.

பெட்டியில் சக்கரத்தோடு நினைவாக வரவழைக்க வேண்டியவை இன்னும் சில. பழைய வகைக் கம்பிச் சக்கரத்தில் கம்பியின் நிப்பிள் ரிம்மைத் துளைத்து உட்புறம் வருவதால் காற்று நிற்காது. டியூப் அவசியம். டியூபை நிப்பிள் குத்தாமல் இருக்க இடையில் ரப்பர் நாடாவும் அவசியம். டியூப்லெஸ் டயருக்கென நிப்பிளை அடைத்துச் செய்த கம்பிச் சக்கரங்களும் இப்போது வருகின்றன. பழைய சக்கரத்தில் நவீன ரேடியல் டயர் மாட்டுவதும் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். சாலையை இறுகப் பிடிக்கும் டயர், கம்பிகளை அதிகம் இழுக்கும்.

மாட்டும் நாளிலும் கவனம் வேண்டும். சக்கரம் இரண்டு சரிவுப் பரப்புகளுக்கு நடுவே உட்காருகிறது. உட்புறம் ஹப்பின் சரிவு, வெளிப்புறம் நட்டின் சரிவு. இரண்டிலும் நீல மை தடவி, மாட்டிக் கழற்றிப் பார்த்தால் மை சுற்றிலும் சீராகப் பட்டிருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பட்டிருந்தால் சக்கரம் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். பல்வரிசையில் கிரீஸ் தடவாமல் மாட்டுவது, புதுச் சக்கரத்துக்கு முதல் நாளே வயதேற்றுவது. முதல் ஓட்டம் முடிந்ததும் சுத்தியலை எடுத்து நட்டுகளை மீண்டும் தட்டிப் பார்ப்பவர்தான் நிம்மதியாகத் தூங்குவார்.

அசல் எது?

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. 60 ஆண்டு வயதான, டன்லப் முத்திரை குத்திய, தேய்ந்த சக்கரம் அசலா? அல்லது நேற்றுச் செய்த, அளவு பிசகாத சக்கரமா?

சட்டத்தைக் கேட்டால் அது சக்கரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேலான வாகனம், அசல் வடிவில் பேணப்பட்டிருந்தால் 'விண்டேஜ்' ஆகப் பதிவு பெறலாம். எண் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அன்றாடப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. பேரணி, கண்காட்சி, எரிபொருள், பராமரிப்பு போன்றவற்றுக்காகச் சாலைக்கு வரலாம்.

கண்காட்சி நடுவர்களோ சக்கரத்தைத்தான் முதலில் குனிந்து பார்ப்பார்கள். தில்லியில் 1964-ல் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை தொடங்கிய பேரணி முதல் இன்றைய ஆடம்பர அழகுப் போட்டிகள் வரை, பழைய கார் உலகில் அசல்தன்மைக்குத்தான் மரியாதை. கம்பியின் எண்ணிக்கையும் நட்டின் காதும் மதிப்பெண்ணைக் கூட்டும், குறைக்கும்.

பழைய வாகனங்களுக்கான சர்வதேச அமைப்பான ஃபிவா, 2012-ல் டூரின் சாசனம் என்ற பெயரில் சில கொள்கைகளை ஏற்றது. பழைய பொருளை முடிந்தவரை காப்பாற்று. மாற்ற வேண்டியிருந்தால் மாற்று. ஆனால் மாற்றியது எது என்று அடையாளம் தெரியட்டும், செய்ததை எழுதி வை. இதுவே அதன் சாரம். இதைப் பின்பற்றும் உரிமையாளர்கள், காரோடு வந்த சக்கரங்களை விற்பதில்லை. எண்ணெய் தடவித் துணி சுற்றிப் பரணில் வைக்கிறார்கள். சாலையில் ஓட்டப் புதுச் சக்கரம், புது ஹப். இரண்டின் ரசீதும் காரின் கோப்பில்.

மிச்சம் இருக்கும் நடுவர் சாலை. அது முத்திரையைப் பார்ப்பதில்லை, கோப்பையும் கேட்பதில்லை. பல்லோடு பல் கோத்திருக்கிறதா என்பது மட்டுமே அதற்குக் கணக்கு. பழைய சக்கரம் அதில் தோற்றால் பரணில் பத்திரமாக இருக்கட்டும். அதன் மதிப்பு அங்கே குறையாது. சாலையில்தான் குறையும், அதுவும் ஒரே நொடியில்.